தூக்கிய சக்கரம் ஏன் சும்மா சுற்றுகிறது?

பத்து வயது மகனுக்கு ரிமோட் கார் வாங்கப் போன வாசகர் ஒருவர் கேட்கிறார்: “பக்கி, மான்ஸ்டர் டிரக், கிராலர் என்று கடையில் மூன்று வகை காட்டினார்கள். மூன்றுமே மண்ணில் ஓடுமாம். அப்புறம் என்ன வித்தியாசம்?”

வெளியே தெரிவதைச் சட்டென்று சொல்லிவிடலாம். பக்கி தாழ்வானது, மேடு பள்ளமான மண் தடத்தில் தாவிப் பறக்கும். மான்ஸ்டர் டிரக்குக்குப் பெரிய டயர், உயர்ந்த வயிறு. புல்லிலும் செங்கல் துண்டிலும் ஓடும், வேகமாகத் திருப்பினால் கவிழும். கிராலர் ஆள் நடக்கும் வேகத்தில் பாறை ஏறும்.

உள்ளே இருக்கும் வித்தியாசம்தான் ருசியானது. டிஃபரன்ஷியல், அதாவது இடது வலது சக்கரங்களுக்கு நடுவே உட்காரும் பற்சக்கரத் தொகுதி!

வண்டி வளையும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். எவ்வளவு? 1/10 அளவு (நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு) டிரக்கில் இரண்டுக்கும் இடைவெளி சுமார் 30 செ.மீ. ஒரு முழு வட்டம் அடித்தால் 2 × 3.14 × 30, அதாவது ஏறக்குறைய 188 செ.மீ. கூடுதல். சாப்பாட்டு மேசையைச் சுற்றினாலும் சரி, மைதானத்தையே சுற்றினாலும் சரி, அதே 188தான். கழிக்கும்போது வட்டத்தின் ஆரம் அடிபட்டுப்போகிறது. எத்தனை முறை போட்டாலும் எனக்கு அலுக்காத கணக்கு இது.

இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கினால் அந்த 188 செ.மீ.க்கு டயர் தேய வேண்டும். அதனால் நடுவில் கூம்புப் பற்சக்கரங்கள்: ஒரு பக்கம் மெதுவானால் மறுபக்கம் அதே அளவு வேகமாகும். 1820களின் கடைசியில் பிரெஞ்சுக் கடிகாரக்காரர் ஒனெசிஃபோர் பெக்கூர் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை வாங்கினார்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. இந்தப் பற்சக்கரங்கள் முறுக்குவிசையை எப்போதும் சரிபாதியாகத்தான் பிரிக்கும். அந்தரத்தில் தொங்கும் சக்கரத்தைச் சுற்றச் சொற்ப விசையே போதும். ஆகவே தரையில் ஊன்றிய சக்கரத்துக்கும் அந்தச் சொற்பம்தான் வரும். என் முதல் டிரக் ஒற்றைச் செங்கல்லில் ஏறி, ஒரு சக்கரம் விர்ரென்று சுற்ற, நின்ற இடத்திலேயே நின்றது. எலுமிச்சம்பழம் நசுக்கித் தீர்கிற தோஷம் இல்லை இது.

கிராலர்காரர்கள் டிஃபரன்ஷியலையே பூட்டிவிட்டார்கள்; இரண்டு சக்கரமும் சேர்ந்தேதான் சுற்றும். ஒரு சக்கரம் பிடித்தாலும் ஏறிவிடும். சிமென்ட் தரையில் மட்டும் டயரை இழுத்துக்கொண்டு அகலமாய் வளையும். டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4 போன்ற கிராலர்களில் ரிமோட்டிலிருந்தே பூட்டித் திறக்கலாம்.

பந்தய பக்கிகளில் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி: டிஃபரன்ஷியல் பெட்டிக்குள் கெட்டியான சிலிக்கோன் எண்ணெய். தண்ணீரின் பாகுநிலை சுமார் 1 சென்டிஸ்டோக் என்றால், 1/8 பக்கிகளில் 5,000, 10,000 என்று ஊற்றுகிறார்கள். வேக வித்தியாசம் கொஞ்சமாக இருந்தால் எண்ணெய் வழிவிடும். ஒரு சக்கரம் வெறிபிடித்துச் சுற்றினால் அதை இழுத்துப் பிடிக்கும். அந்த விசை மறுசக்கரத்துக்குப் போய்ச் சேரும். சென்சார் இல்லை, சிப் இல்லை! இயந்திரவியல் ஆய்வகங்களில் வெட்டிய லாரி டிஃபரன்ஷியலைத் தொடவிடாமல் வைப்பதற்குப் பதில், இந்தப் பக்கிகளில் நாலு வாங்கிப் போடலாம்.

சரி, எதை வாங்குவது? காலி மனையிலும் தெருவிலும் ஓட்டுவான் என்றால் மான்ஸ்டர் டிரக். கல்லும் பொறுமையும் இருந்தால் கிராலர். தடம் இல்லாத ஊரில் பக்கி வீண்.

கடையில் வண்டியைத் தூக்கி, பின்சக்கரம் ஒன்றைக் கையால் சுற்றிப் பாருங்கள். மற்றது எதிர்த்திசையில் சுலபமாகச் சுற்றினால் திறந்த, அதாவது பூட்டாத, டிஃபரன்ஷியல். தயங்கித் தயங்கிச் சுற்றினால் உள்ளே கெட்டி எண்ணெய். இரண்டும் சேர்ந்தே ஒரே பக்கம் திரும்பினால் பூட்டியது.