மாசி வீதி மாடிகளில் ஏறும் சுமை

மதுரையின் பழைய கட்டடங்கள் என்றதும் கோயிலும் திருமலை நாயக்கர் மகாலும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகின்றன. அவற்றைக் கவனிக்க அரசுத் துறைகள் இருக்கின்றன. ஆவணி மூல வீதிகளிலும் மாசி வீதிகளிலும் கீழே கடையும் மேலே வீடுமாக எழும்பிய பழைய கட்டடங்களுக்கு அப்படி யாரும் இல்லை. பழைய கட்டடங்களின் உறுதியைச் சோதித்துச் சொல்லும் பொறியாளன் என்ற முறையில், அங்கே கடை வைத்திருப்பவர்களும் கட்டட உரிமையாளர்களும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றை எழுதுகிறேன். அது மாடியில் ஏற்றப்படும் சரக்கைப் பற்றியது.

இக்கட்டடங்களில் பல, செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட தடித்த சுவர்களின் மேல் தேக்கு உத்திரங்களையும் கட்டைகளையும் பரப்பி, மெல்லிய செங்கற்களைக் குத்தாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டோடு பதித்து முடித்த மெட்ராஸ் டெரஸ் தளம் கொண்டவை. நல்ல தளம்தான், வெயிலைத் தாங்கும், சிறு அசைவுகளுக்கு ஈடுகொடுக்கும். ஆனால் அது ஒரு குடும்பம் புழங்குவதற்காகப் போடப்பட்டது. குடும்பங்கள் அண்ணா நகருக்கும் கே.கே. நகருக்கும் போய்விட்டன; கூடமும் படுக்கையறையும் குடோன் ஆகிவிட்டன.

இன்றைய இந்தியத் தர நிர்ணய விதிகளின்படி வீட்டு அறையின் தளம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ தாங்கினால் போதும்; சில்லறைக் கடைக்கு 400 கிலோவும் மொத்த வியாபாரக் கடைக்குக் குறைந்தது 600 கிலோவும் தாங்க வேண்டும். ஜவுளிச் சிப்பங்களை ஆளுயரத்துக்கு அடுக்கினால் சதுர மீட்டருக்கு 400 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். நோட்டுப் புத்தகக் கட்டுகள் என்றால் ஒரு மீட்டர் உயரத்திலேயே அரை டன் ஆகிவிடும். இத்தனை காலம் தாங்கிய கட்டடம் இதையும் தாங்காதா என்று உரிமையாளர்கள் கேட்கிறார்கள். அத்தனை காலமும் அது தாங்கியது கட்டிலையும் பீரோவையும் மட்டுமே.

சரக்கு எப்போது ஏறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தீபாவளிச் சரக்கு மாடியில் நிறைந்திருக்கும் அதே வாரங்களில்தான் ஐப்பசி மழை பிடிக்கிறது. தட்டோட்டின் இணைப்புகள் விட்டுப்போன தளம் நீரை உறிஞ்சித் தானே கனக்கிறது. சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திரத்தின் நுனிகள் ஈரத்தில் நின்று இற்றுப்போகின்றன. சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசியிருந்தால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடும். உத்திரத்தின் நடுப்பகுதி இரும்பைப் போலத் தெரிந்தாலும், அதைத் தாங்கி நிற்கும் நுனி கையால் உதிர்க்கும் நிலையில் இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். முகப்பை மூடி ஏசிபி எனப்படும் அலுமினியப் பலகைத் தகடு அடித்துவிட்டால் விரிசலும் தெரியாது, சுவரிலிருந்து முளைக்கும் அரசங்கன்றும் தெரியாது.

2020 தீபாவளியன்று விளக்குத்தூண் அருகே நவபத்கானா தெருவில் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கச் சென்ற வீரர்கள் இருவர், பழைய கட்டடம் இடிந்து விழுந்ததில் உயிரிழந்தார்கள். பொதுவாகவே, தீ பிடித்த ஜவுளிக் குடோனில் நீரைப் பீய்ச்சும்போது துணி தன் எடைக்கு மேல் நீரைக் குடிக்கிறது. மரம் கருகி மெலிந்துகொண்டிருக்கும் நேரத்தில் சுமை கூடுகிறது. 2018 பிப்ரவரி 2 அன்று கோயிலின் வீரவசந்தராயர் மண்டபம் எரிந்தபின் கோயிலுக்குள் இருந்த கடைகள் அகற்றப்பட்டன, பின்னாளில் புது மண்டபத்துக் கடைகளும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. தெருக்களில் இருக்கும் குடோன்களைப் பற்றி அத்தகைய அக்கறை எழவில்லை.

இதற்காக இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதே வழி என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கோயிலைச் சுற்றி 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்ற விதி கோபுரத்தின் பார்வையைக் காத்தது உண்மை. தெருவின் முகத்தை அது காக்கவில்லை. உயர்ந்த கூரை கொண்ட இரண்டு தளங்கள் இருந்த இடத்தில் அதே 9 மீட்டருக்குள் தாழ்ந்த மூன்று தளங்களைப் புகுத்துகிறார்கள், போதாததற்கு நிலத்துக்கு அடியிலும் ஒரு தளம் தோண்டுகிறார்கள். பக்கத்துக் கடையும் பொதுச் சுவரை நம்பி நிற்கும்போது, அதன் அஸ்திவாரத்துக்குக் கீழே தோண்டுவது அந்தக் கடையையும் சேர்த்து இடிப்பதற்குச் சமம். வெளி வீதிகளின் பக்கம் இது இன்னும் ஆபத்தானது: பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார்; எனவே அங்கே சில மனைகளுக்கு அடியில் இருப்பது கொட்டி நிரப்பிய மண்தான். சில இடங்களில் பழைய வாடகைக்காரரை வெளியேற்றும் வழியாகவே கட்டடம் ஒழுக விடப்படுகிறது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பழுது பார்ப்பது பெரும்பாலும் சாத்தியம். இற்றுப்போன நுனிக்குப் பக்கத்தில் புதுக் கட்டையோ இரும்புத் துண்டோ கொடுத்துத் தாங்கலாம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். இவற்றுக்கு முன்பாக, புரட்டாசி பிறப்பதற்குள், சரக்கு ஏறும் முன்னரே மாடியைக் காலிசெய்து உத்திர நுனிகளைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பொத்தென்று ஒலித்தாலோ, கட்டையின் நடு தொய்ந்திருந்தாலோ, சுண்ணாம்புப் பொடி தொடர்ந்து கொட்டினாலோ அந்த அறையில் எதையும் வைக்காதீர்கள். மற்ற அறைகளிலும் கனமானவை கீழ்த்தளத்துக்கு வரட்டும். மாடியில் வைப்பவற்றைச் சுவரோரமாக, இடுப்புயரத்துக்கு மேல் போகாமல் அடுக்குங்கள்.

இன்னொன்று, தேரோட்டம். சித்திரைத் தேர் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது; அன்று தெருவை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் பழைய மரப் பால்கனிகளில் உறவினரும் ஊழியரும் நெருக்கியடித்து நிற்கிறார்கள். ஒரு சதுர மீட்டரில் ஆறு பேர் நின்றாலே 350 கிலோ ஆகிறது, அதுவும் தேர் தங்கள் பக்கம் வரும் அந்தச் சில நிமிடங்களில் எல்லோரும் விளிம்புக்கே சாய்கிறார்கள். சோதித்துப் பாராத பால்கனி என்றால் அதற்குச் செல்லும் கதவை முந்தைய வாரமே பூட்டிச் சாவியைக் கல்லாப்பெட்டியில் வைத்துவிடுங்கள்.