ரேடியோ அலைக்கு ஏது துருவம்? தளவிளைவுன்னே எழுதுங்க

சுருள் கேலக்ஸிகளோட காந்தப்புலம் பத்தி தமிழ்ல எத தொறந்தாலும் "துருவப்படுத்தப்பட்ட ரேடியோ அலைகள்"னு ஒரு வரி வந்து நிக்குது. போலரைசேஷன்னா துருவம், அவ்ளோதானேன்னு யாரோ போட்டது, மத்தவங்க அப்படியே காப்பி அடிக்கிறாங்க.

போலரைசேஷன்ங்கற பேர் வந்த கதை சின்னது. 1808ல பாரிஸ்ல மாலுஸ்னு ஒரு பிரெஞ்சு இயற்பியலாளர், லக்சம்பர்க் அரண்மனை ஜன்னல்ல பட்டுத் திரும்பி வந்த வெயில, எதையும் ரெண்டு பிம்பமா காட்டுற கால்சைட் கல் வழியா பாத்தாரு. கல்ல திருப்பத் திருப்ப ரெண்டு பிம்பமும் மாறி மாறி மங்குச்சு. ஒளித்துகளுக்கு காந்தம் மாதிரி துருவம் இருக்கும்போலன்னு அந்தப் பேர வச்சாரு. அந்தக் கருத்து செத்துப்போச்சு, பேரு தங்கிடுச்சு. நடக்கறது என்னன்னா, அலையோட மின்புலம் கண்டபடி ஆடாம ஒரே தளத்துல ஆடுது. அதான் பாடப்புத்தகத்துல தளவிளைவு.

கேலக்ஸி விஷயத்துல துருவம்ங்கறது வெறும் தப்பு இல்லங்க, ஆள ஏமாத்துற தப்பு. ஒளிவேகத்துக்கு கிட்ட ஓடுற எலக்ட்ரான் காந்தப்புலத்த சுத்திப் போறப்ப சிங்க்ரோட்ரான் அலை வருது, அதோட மின்புலம் காந்தப்புலத்துக்கு செங்குத்தா ஆடும். ஜெர்மனில இருக்குற எஃபெல்ஸ்பெர்க் 100 மீட்டர் ரேடியோ டெலஸ்கோப்போ, அமெரிக்காவுல இருக்குற விஎல்ஏ ரேடியோ டெலஸ்கோப் வரிசையோ அந்தத் தளத்த அளந்து குடுத்தா, அத 90 டிகிரி திருப்பிப் போட்டு காந்தக்கோடு வரையறாங்க. எம்51ங்கற சுருள் கேலக்ஸில அந்தக் கோடுங்க சுருள் கைகளோடயே வளைஞ்சு போறது அப்படித்தான் தெரிஞ்சுது. ஆனா கோட்டுக்கு அம்புக்குறி கெடையாது! புலம் உள்ள பாத்து போனாலும் வெளிய பாத்து போனாலும் தளம் ஒண்ணுதான், வடக்கு தெற்குன்னு இந்த அளவு சொல்லவே சொல்லாது. அதுக்கு ஃபாரடே சுழற்சி வேணும், அதாவது வழியில இருக்குற எலக்ட்ரானும் காந்தப்புலமும் சேந்து தளத்தயே திருப்புறது, அலைநீளத்தோட வர்க்கத்துக்கு ஏத்தபடி திரும்பும், எந்தப் பக்கம் திரும்புதோ அத வச்சுதான் புலம் நம்மள நோக்கி வருதா விலகுதான்னு சொல்ல முடியும். இங்க "தளம் திரும்புது"ன்னு எழுதுனா புரியும், "துருவம் சுழலுது"ன்னு எழுதுனா படிக்கறவன் கேலக்ஸியே தலைகீழா பொரளுதுன்னு நெனப்பான்.

முனைவாக்கம்னு எழுதறவங்களும் இருக்காங்க. மின்காப்புப் பொருள்ல பிளஸ்ஸும் மைனஸும் ரெண்டு பக்கமா ஒதுங்குறதுக்கு அது கச்சிதமான சொல், அங்கயே இருக்கட்டும். மின்புலம் ஒரே தளத்துல ஆடாம வட்டமா சுத்துற வட்டத் தளவிளைவுன்னா அதுல தளம் எங்கன்னு மடக்குவாங்க, சரி, அது ஓட்டைதான், ஆனா கேலக்ஸியோட சிங்க்ரோட்ரான் அலைல வட்ட வகை கிட்டத்தட்ட கெடையவே கெடையாது.

கட்சிங்க ரெண்டா பிரிஞ்சு நிக்குறதுக்கும் துருவப்படுத்தல், அலைக்கும் அதே துருவப்படுத்தல். அகராதில மொத வரிய மட்டும் பாத்து மொழிபெயர்த்தா இப்படித்தான் ஆகும், பிளஸ் டூ இயற்பியல் புக்க ஒருவாட்டி பொரட்டிருக்கலாம்ல!