லேஅவுட்டில் பூங்காவுக்கு விட்ட இடம் யாருடையது?

மனை பார்க்கப் போகிறவர்கள் வழக்கமாக மூன்று கேள்வி கேட்பார்கள். சென்ட் என்ன விலை, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் இருக்கிறதா, பேங்க் லோன் கிடைக்குமா. வரைபடத்தின் ஓரத்தில் 'பூங்கா' என்று எழுதிப் பச்சை அடித்திருக்கும் துண்டைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்கும் புரமோட்டர் பெரிய மனதோடு விட்ட இடம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அது அவர் மனதைப் பொறுத்த விஷயமே இல்லை. சட்டப்படி அவர் விட்டே ஆகவேண்டிய இடம்.

இதற்கு அடிப்படை 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். இப்போது நடைமுறையில் இருப்பவை 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். இந்தத் திறந்தவெளி ஒதுக்கீட்டை அலுவலகங்களில் ஓ.எஸ்.ஆர். என்பார்கள். மொத்த நிலம் 3,000 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 74 சென்ட்டுக்குள் இருந்தால் ஒதுக்கவேண்டியதில்லை. அதற்கு மேல் 10,000 சதுர மீட்டர் வரை, சாலை போக மிச்சத்தில் 10 சதவீதம் இடமாகத் தரலாம், அல்லது அதற்கு ஈடான பணம் கட்டலாம். 10,000-ஐத் தாண்டிவிட்டால் (சுமார் இரண்டரை ஏக்கர்) பணப் பேச்சே கிடையாது, இடம்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து ஏக்கர் லேஅவுட். சாலைக்கு ஒன்றரை ஏக்கர் போனது என்று வையுங்கள். மிச்சம் மூன்றரை ஏக்கர். அதில் பத்தில் ஒன்று 35 சென்ட், அதாவது ஆறு கிரவுண்டுக்குச் சற்று மேல். இன்றைய மனை விலையில் அது எவ்வளவு பணம் என்று யோசித்தால், சிலருக்கு அந்த மூலை மேல் ஏன் அவ்வளவு கண் என்பது புரியும்.

இடம் எப்படிக் கைமாறுகிறது என்பதுதான் முக்கியம். முதலில் தொழில்நுட்ப ஒப்புதல் கிடைக்கும். அப்புறம் சாலைகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சியின் பெயருக்குத் தானப் பத்திரமாகப் பதிந்து கொடுக்கவேண்டும். அதன் பிறகே இறுதி அங்கீகாரம். பத்திரம் பதிவான நாளிலிருந்து புரமோட்டருக்கு அங்கே ஒரு சாண் நிலமும் சொந்தமில்லை. குடியிருப்போர் சங்கத்துக்கும் இல்லை. பெரிய அடுக்குமாடி வளாகங்களுக்கும் இதே விதிதான். தானமாகக் கொடுத்த ஓ.எஸ்.ஆர். இடத்துக்குக் கேட் போட்டுப் பூட்டி, 'வெளியாட்களுக்கு அனுமதி இல்லை' என்று பலகை மாட்ட முடியாது. இதைச் சொன்னால் சில வளாகவாசிகளுக்குக் கோபம் வருகிறது.

பூங்காவுக்கு ஒதுக்கியதை வேறு நல்ல காரியத்துக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பெங்களூரு ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கான இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்த வழக்கில், அது செல்லாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்குப் போட்டவர்கள் அங்கே குடியிருந்தவர்கள்தான்.

நான் குடியிருந்த ஒரு லேஅவுட்டில் பச்சைத் துண்டு வரைபடத்தில் மட்டும்தான் இருந்தது. நேரில் போனால் ஜல்லிக் குவியல், இரண்டு வாடகை வேன், முள்வேலி. பிள்ளைகள் விளையாடியது விற்காமல் கிடந்த ஒரு மனையில்.

மனை வாங்குமுன் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலோடு, தானப் பத்திர எண்ணையும் கேளுங்கள். தயங்கினால் சந்தேகப்படலாம். பூங்கா அமைந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டால், தானம் பதிவாகியிருக்கிறதா, பிறகு யாருக்காவது கிரயம் ஆகியிருக்கிறதா என்று தெரியும்.

ஏற்கெனவே வாங்கிக் குடியேறிவிட்டீர்களா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தரவேண்டும். "எங்கள் பூங்கா எங்கே" என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். அங்கீகார எண்ணைக் குறிப்பிட்டு, வரைபடம், தானப் பத்திரம் இரண்டின் நகலையும் கேளுங்கள். நகராட்சி என்றால் ஆணையர் அலுவலகம், ஊராட்சி என்றால் ஒன்றிய அலுவலகம். நகல் கைக்கு வந்ததும் நான்கு எல்லை அளவையும் பார்த்து, டேப் வைத்து ஒரு முறை நீங்களே அளந்துவிடுங்கள். குறைந்தால், எத்தனை அடி குறைகிறது என்று எழுதி, சர்வேயரை வைத்து அளந்து எல்லைக்கல் நடச் சொல்லி உள்ளாட்சிக்கு மனு கொடுங்கள். தெருவில் பத்துப் பேர் கையெழுத்து இருந்தால் மனு கொஞ்சம் வேகமாக நகரும்.