பச்சை வயரை வெட்டாதீங்க, சாமி

விளக்கு ஷாக் அடித்ததென்று என்னைக் கூப்பிட்டதில், இந்த மாதத்தில் இது மூன்றாவது வீடு. பெருந்துறைப் பக்கம், பால் காய்ச்சி எட்டு மாதம்கூட ஆகவில்லை. கட்டில் தலைமாட்டில் மாட்டியிருந்த மடக்குக் கை விளக்கை அம்மிச்சி ஈரத்துணியால் துடைத்திருக்கிறார். வெறுங்கால், அப்போதுதான் துடைத்த டைல்ஸ் தரை. ஷாக் உதறி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு விட்டுவிட்டது. உயிர் தப்பியதே பெரிசு. விளக்கு அப்போது அணைந்துதான் இருந்தது.

கழற்றிப் பார்த்தேன். விளக்கோடு வந்த பச்சை வயரை, அதாவது கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் எர்த் வயரை, ஒட்ட நறுக்கி, டேப் சுற்றி உள்ளே திணித்திருந்தார்கள். சுவிட்சு, கரண்ட் வரும் பேஸ் வயரில் இல்லை, திரும்பிப் போகும் நியூட்ரலில்; அணைத்தாலும் விளக்குக்குள் கரண்ட் நிற்கும். கை மடங்கும் மூட்டில் ரப்பர் புஷ் இல்லாததால் குழாயின் விளிம்பு வயர்த் தோலை அறுத்திருந்தது. மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று வயரிங் தெரிந்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்காரர் கேட்டது இதுதான்: "ஏனுங்க, 9 வாட் எல்.இ.டி. பல்புதானுங்களே, அதுல என்னங்க ஷாக் அடிக்கும்?"

இருபது வருசமாக இதே கேள்வி. முன்பு ஜீரோ வாட் பல்பைக் காட்டிக் கேட்டார்கள், இப்போது எல்.இ.டி. வாட் என்பது பல்பு குடிக்கும் அளவுங்க. வயரில் வந்து நிற்பது 230 வோல்ட்தான். 9 வாட் பல்புக்கும் அதே, ஏ.சி.க்கும் அதே. தோல் போன வயர் உலோகக் குழாயைத் தொட்டால் கரண்ட் பல்பு வழியாகப் போகாது, தொடுகிறவர் உடம்பு வழியாகப் போகும். அப்போது பல்பு எத்தனை வாட் என்பதற்கு அங்கே வேலையே இல்லை. கணக்காகவே பார்த்தாலும், 9 வாட் பல்பு இழுப்பது சுமார் 39 மில்லி ஆம்பியர். ஆளைக் காப்பாற்றப் போடும் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்சு, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் விழ வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அந்தச் "சின்ன" பல்பின் கரண்டே மனுசனுக்கு அதிகம்.

"எம்.சி.பி. இருக்குதுங்களே" என்பது அடுத்தது. அது வயரில் கரண்ட் அளவுக்கு மீறினால் விழும் சுவிட்சு. 6 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் அந்த 30 மில்லியைப் போல 200 மடங்கு. அது வயர் எரியாமல் காக்கும், உங்களை அல்ல.

நம் ஊரில் லைட் பாயின்ட்டுக்குப் பேஸும் நியூட்ரலும் மட்டும் இழுத்துவிட்டுப் போவது வழக்கம். கூரையில் எட்டாத ட்யூப்லைட்டுக்கு அது ஓடிவிட்டது. 1950-களின் ஐரோப்பியப் பாணி என்று இப்போது எல்லோரும் வாங்கும் இந்தப் பித்தளைக் கை, கறுப்புத் தகட்டு மூடி விளக்கு அப்படியல்ல. தூக்கக் கலக்கத்தில் கையால் பிடித்து இழுப்பதற்கென்றே செய்தது. தினமும் தொடும் உலோகத்துக்கு எர்த் இல்லாமல் எப்படி?

பக்கத்திலுள்ள மூன்று முனை சாக்கெட்டிலிருந்து எர்த் வயர் இழுக்கச் சொல்லுங்கள், அரை நாள் வேலை. சுவிட்சு பேஸில்தான் இருக்கிறதா என்று உங்கள் கண் முன்னால் டெஸ்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். திருகு மரை ஹோல்டர் என்றால் பேஸ் ஹோல்டரின் அடியில் நடுவிலுள்ள குமிழுக்குப் போக வேண்டும், மரைக்கு அல்ல. மூட்டில் வயர் முறுக்கிக்கொண்டிருந்தால் அந்த விளக்கைத் திருப்பிக் கொடுங்கள், விலை குறைவு என்று வைத்துக்கொள்ளாதீர்கள். துடைக்கும்போது சுவிட்சை நம்ப வேண்டாம், மெயினை அணையுங்கள். ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டுக்காரர்கள் இந்தப் பொங்கலுக்கு வேறெதையும் வாங்கும் முன் அதை வாங்குங்கள்.

காங்கேயம், பல்லடம் பக்கத்து ஆட்களுக்கு ஒன்று தனியாக. உங்கள் மண் சித்திரையில் பாறை மாதிரி காய்ந்துவிடும், எர்த் குழியும் சேர்ந்து காயும், காய்ந்த மண் கரண்டைச் சரியாக இறக்காது. தென்னைக்கு விடும் தண்ணீரில் ரெண்டு குடம் அதில் ஊற்றுங்கள்.

தொழில் பார்க்கிற தம்பிகளே, எர்த் வரவில்லை என்றால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு விளக்கை மாட்டாமல் கீழே வையுங்கள். திட்டினால் திட்டட்டும். பச்சை வயரில் மட்டும் கட்டிங் பிளேயரை வைக்காதீங்க, சாமி.