வீட்டுக் கடனில் தவணைத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள்

வருமான வரிக் கணக்குக்காக என்னிடம் வருகிறவர்களில் பலர், வேலை முடிந்து எழுந்திருக்கும்போது கேட்கும் கேள்வி: "சார், இந்தச் சம்பளத்துக்கு எவ்வளவு லோன் கிடைக்கும்?" ஆடிட்டரிடம் கேட்க வேண்டிய கேள்வியே இல்லை இது. வங்கியில் கேட்டால் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு. சாவி கைக்கு வரும் நாளில் உங்கள் சொந்தப் பணம் எவ்வளவு வெளியே போயிருக்கும்? அதன் பிறகு கணக்கில் எவ்வளவு மிச்சம் இருக்கும்? இந்த இரண்டுக்கும் பதில் வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு.

தாம்பரம் தாண்டி 55 லட்சத்துக்கு ஒரு பழைய தனி வீடு பேசி முடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி, வீட்டுக் கடன் 30 லட்சம் வரை இருந்தால் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம். 30 முதல் 75 லட்சம் வரை என்றால் 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். ஆக இந்த வீட்டுக்கு அதிகபட்சம் 44 லட்சம். மீதி 11 லட்சம் உங்கள் கைப்பணம். பத்திரச் செலவை வீட்டு மதிப்போடு சேர்த்துக் கடன் கேட்க முடியாது; 10 லட்சத்துக்கு உட்பட்ட வீடுகளுக்குத்தான் அந்தச் சலுகை. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 55 லட்சத்துக்கு 4 லட்சத்து 95 ஆயிரம். இதுவரை கிட்டத்தட்ட 16 லட்சம் ஆகிவிட்டது. தரகர் கமிஷன், வக்கீல் கட்டணம், வங்கியின் பிராசஸிங் கட்டணம், அடமானப் பத்திரம் பதிவு செய்யும் செலவு எல்லாம் சேர்ந்தால் 17 லட்சத்தைத் தாண்டிவிடும். அப்புறம்தான் பெயின்ட், கிரில், மோட்டார்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நீங்கள் பேசிய விலையை வங்கி அப்படியே ஏற்றுக்கொள்ளாது. மதிப்பீட்டுப் பொறியாளர் வந்து பார்த்து 50 லட்சம்தான் போகும் என்று எழுதிக் கொடுத்தால், கடன் 40 லட்சமாகக் குறையும். அதற்குள் நீங்கள் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டிருப்பீர்கள். மூன்று மாதத்தில் கிரயம் முடிக்காவிட்டால் அட்வான்ஸ் போய்விடும் என்று அதில் எழுதியிருக்கும். இந்த நெருக்கடியில்தான் பெர்சனல் லோன், நகைக்கடன், மச்சானிடம் கைமாற்று என்று ஒன்றன்பின் ஒன்றாக வாங்குகிறார்கள். என்னிடம் வரும் குடும்பங்களில் வீட்டுக் கடனால் திணறியவர்களைவிட, வீட்டுக் கடன் எட்டாத அந்த நாலைந்து லட்சத்துக்காக வெளியில் வாங்கிய கடனால் திணறியவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். பெரிய தொகை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வக்கீல் கருத்தும் மதிப்பீடும் வாங்கிவிடுங்கள். கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வேண்டும் என்ற ஒரு வரியை அக்ரிமென்டில் எழுதச் சொல்லுங்கள். விற்பவர் ஒப்புக்கொள்ளாவிட்டால், அந்த வீட்டைப் பற்றி இன்னொரு முறை யோசிக்கலாம்.

"கைடுலைன் மதிப்புக்குப் பத்திரம் போட்டுக்கலாம், மீதியை ரொக்கமாகக் கொடுத்துடுங்க" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சரி என்று சொல்லாதீர்கள். கைடுலைன் மதிப்பு என்பது பதிவுக்காக அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச விலை. பத்திரத்தில் விலை குறைந்தால் கடனும் குறையும். பின்னாளில் நீங்கள் விற்கும்போது, வாங்கிய விலையாகப் பத்திரத்தில் இருப்பதைத்தான் காட்ட முடியும். அன்றைக்கு முத்திரைத் தீர்வையில் மிச்சம் பிடித்ததைவிட அதிகமாக மூலதன ஆதாய வரி கட்ட வேண்டி வரலாம். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறக் கூடாது என்று வருமான வரிச் சட்டமே சொல்கிறது.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதத்தைப் பிடித்து, வாங்குபவர்தான் அரசுக்குக் கட்ட வேண்டும். கணவன் மனைவி இருவராகச் சேர்ந்து வாங்கினாலும் மொத்த விலைதான் கணக்கு. விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் விதியே வேறு, பிடிக்க வேண்டிய தொகையும் அதிகம். அந்த இடத்தில் மட்டும் ஆடிட்டரைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கட்டி முடிக்காத அடுக்குமாடி வீடு என்றால் 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, குறைந்த விலை வீடு என்ற வரம்புக்குள் வந்தால் 1 சதவீதம். பணி நிறைவுச் சான்று வாங்கிய பிறகு பில்டரிடம் வாங்கினால் ஜி.எஸ்.டி. கிடையாது.

சரி, வீடு வாங்கியாகிவிட்டது. பலரும் கடனைத் திரும்பிப் பார்ப்பதை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான் இருக்கிறது.

2023-இல் ஒரு பள்ளி ஆசிரியை வரிக் கணக்குக்காகக் கடன் ஸ்டேட்மென்டைக் கொண்டுவந்தார். 2021 தொடக்கத்தில் 7 சதவீத வட்டிக்கு 40 லட்சம், 20 வருடக் கடன். தவணை 31,012 ரூபாய். பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்கு நேராக அசல் என்ற பத்தியைப் பேனாவால் சுட்டிக் காட்டினேன். 31,012 ரூபாயில் அசலுக்குப் போனது ஆயிரம் ரூபாய்கூட இல்லை. மீதி முழுக்க வட்டி. "மாசாமாசம் அதே தொகைதானே சார் போகுது, வட்டி ஏறினதே எனக்குத் தெரியாதே" என்றார்.

நடந்தது இதுதான். 2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் பெரும்பாலும் ரெப்போ விகிதத்தோடு, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டியோடு, கட்டப்பட்டவை. 2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. அவருடைய 7 சதவீதம் 9.5 ஆகிவிட்டது. வங்கி தவணையை உயர்த்தவில்லை, கடன் காலத்தை நீட்டியது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பாக்கி 38 லட்சம், வட்டி 9.5 சதவீதம் என்றால் ஒரு மாத வட்டி மட்டும் சுமார் 30,080 ரூபாய். தவணை அதே 31,012 என்றால் கடன் முடிய இன்னும் 37 வருடம் ஆகும். 18 வருடத்தில் முடிய வேண்டியது! அதே 18 வருடத்தில் முடிக்க வேண்டுமானால் தவணை சுமார் 36,800 ஆக வேண்டும். மாதம் 5,800 ரூபாய் கூடுதல் என்பது சின்னத் தொகை இல்லைதான். ஆனால் பணி ஓய்வுக்குப் பிறகும் தவணை கட்டுவதோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவு அவரிடம் கேட்காமலே எடுக்கப்பட்டிருந்தது என்பதுதான் எனக்கு வருத்தம்.

இந்தக் குறை பரவலாக இருந்ததால்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதா என்ற தேர்வைக் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும். இதுவரை கட்டிய அசல், வட்டி, மீதமுள்ள தவணைகளின் எண்ணிக்கை எல்லாம் அடங்கிய ஸ்டேட்மென்ட் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கிடைக்க வேண்டும். அது உங்கள் மின்னஞ்சலில் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும். திறந்து, மீதமுள்ள தவணை எத்தனை என்ற ஒரே ஒரு எண்ணைப் பாருங்கள். போன வருடம் பார்த்ததைவிட அது 12 குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் உடனே கிளைக்குப் போய் எழுத்து மூலம் கேளுங்கள்.

2025 பிப்ரவரி முதல் டிசம்பர் வரை ரெப்போ 6.5-இலிருந்து 5.25-க்கு இறங்கியது. இதில் இரண்டு விஷயம். ஒன்று, உங்கள் வட்டியும் அதே அளவு இறங்கியதா என்று பாருங்கள். பழைய எம்.சி.எல்.ஆர். கணக்கிலோ பேஸ் ரேட்டிலோ (ரெப்போவுக்கு முன் வங்கிகள் தாங்களே நிர்ணயித்த வட்டி முறைகள்) இன்னும் இருப்பவர்களுக்கு அவ்வளவு இறங்கியிருக்காது. ஒரு கட்டணம் கட்டி ரெப்போ கணக்குக்கு மாறிக்கொள்ளலாம். இரண்டாவது, வட்டி இறங்கியது என்று தவணையைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். கட்டிப் பழகிய தொகையையே தொடர்ந்து கட்டினால் கடன் சீக்கிரம் முடியும்.

முன்கூட்டியே கொஞ்சம் கட்டலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக. மாறும் வட்டியில் தனிநபர் எடுத்த வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. 8.5 சதவீதத்தில் 20 வருடத்துக்கு 40 லட்சம் வாங்கினால் தவணை சுமார் 34,700. முதல் மாதம் அசலுக்குப் போவது 6,400 ரூபாய்க்குள்தான். கடைசிவரை கட்டினால் வட்டி மட்டும் 43 லட்சம். போனஸ் பணத்தில் வருடத்துக்கு ஒரு தவணையைக் கூடுதலாகக் கட்டிவந்தால் மூன்று வருடத்துக்கு மேல் குறைந்துவிடும். ஆனால் ஆறு மாதத் தவணைக்கும் வீட்டுச் செலவுக்கும் வேண்டிய பணத்தைத் தனியாக வைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். இருந்த பணத்தையெல்லாம் கடனில் கட்டிவிட்டு, வேலை போன மாதம் கிரெடிட் கார்டைத் தேய்த்தவர்கள் உண்டு.

வரிச் சலுகைக்காக மட்டும் கடன் எடுக்காதீர்கள். புதிய வரி முறையில் நீங்களே குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவு கிடையாது. பழைய முறையில் வருடம் 2 லட்சம் வரை உண்டு, அவ்வளவுதான்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் கொஞ்சம் உறுதியாக இருங்கள். கடன் தரும்போதே ஒரே தவணை ஆயுள் காப்பீடு ஒன்றை எடுக்கச் சொல்லி, அந்தப் பிரீமியத்தையும் கடனோடு சேர்த்துவிடுவார்கள். 20 வருடம் அதற்கும் வட்டி கட்டுவீர்கள். நீங்களே வெளியில் ஒரு டேர்ம் பாலிசி, அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு, எடுத்துக்கொள்ளலாம். கடன் அளவுக்காவது அது கண்டிப்பாக வேண்டும். சம்பாதிப்பவர் இறந்துபோனால் கடன் தானாகத் தீராது. கட்டடத்துக்கும் காப்பீடு எடுங்கள். 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததைப் பார்த்த பிறகும் இதைத் தள்ளிப்போடுகிறோம். 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான பாலிசி எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிலும் கிடைக்கிறது; வெள்ளமும் அதில் அடங்கும். நில விலையைச் சேர்க்காமல், திரும்பக் கட்ட ஆகும் செலவுக்கு மட்டும் எடுத்தால் போதும். பிரீமியம் பலரும் நினைப்பதைவிடக் குறைவு.

கடன் முடிந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. அசல் பத்திரங்களை வங்கி 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். தாய்ப்பத்திரம் உட்படக் கொடுத்த ஒவ்வொன்றும் வந்ததா என்று, கடன் வாங்கியபோது தந்த பட்டியலை வைத்துச் சரிபாருங்கள். அதோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானத்துக்கு ரத்து ரசீது பதிவாக வேண்டும். இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றில் (இ.சி.) கடன் அப்படியே நிற்கும். பதிவான பிறகு பதிவுத்துறை இணையதளத்தில் ஒரு இ.சி. எடுத்துப் பாருங்கள், பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை.