ஏற்காட்டில் ஹார்ட் டிஸ்க்குக்கு மூச்சு முட்டுமா?

ஏற்காட்டுக்காரர் ஒருவர் கேட்டிருந்தார்: "கல்யாண வீடியோவை சேலத்து ஸ்டுடியோவில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தார்கள். 'மலைமேல காத்து கம்மி, டிஸ்க் போயிடும், பாத்துக்குங்க' என்று பயமுறுத்துகிறார் ஸ்டுடியோக்காரர். கதை விடுகிறாரா?"

முழுக்கக் கதை இல்லை. அதுதான் எனக்குப் பிடித்த விஷயமே.

1956இல் வந்த ஐபிஎம் 350தான் முதல் டிஸ்க். 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள், ஏறக்குறைய ஒரு டன் எடை, கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள், அதாவது இன்றைய செல்போன் படம் ஒன்றிரண்டு. தட்டின் மேல் இரும்பு ஆக்சைடு பூச்சு. நம் கஞ்சமலை மேக்னடைட்டுக்கு உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் குட்டிக் குட்டி இடங்களை இப்படியும் அப்படியும் காந்தமாக்கினால் 0, 1. இது பள்ளிக்கூடப் பாடம்தான், தாண்டிவிடலாம்.

இந்தக் காந்தத்தை எழுதவும் படிக்கவும் இருக்கும் குட்டிப் பாகம்தான் ஹெட். தட்டைத் தொடாமல் அது எப்படிப் படிக்கிறது? முதல் டிஸ்க்கில் கம்ப்ரசர் வைத்துக் காற்றை ஊதித்தான் இடைவெளி விட்டார்கள். 1961இல் வந்த ஐபிஎம் 1301இல் அந்த ஊதலே தேவைப்படவில்லை. வழவழப்பான தரையில் ஒரு தாளைத் தள்ளிவிட்டால் காற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போகுமே, அதே வேலைதான்: தட்டு சுற்றும்போது தன்னோடு காற்றையும் இழுத்துக்கொண்டு வருகிறது, அந்தக் காற்று ஹெட்டின் அடியில் புகுந்து அதைத் தூக்கிப் பிடிக்கிறது. உங்கள் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றினால் தட்டின் ஓரம் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஹெட் இருக்கும் துண்டு ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட வராது, அது மிதக்கும் உயரமோ சில நானோமீட்டர். அந்தத் துண்டை ஏற்காடு பஸ் அளவுக்குப் பெரிதாக்கினால், பஸ் ரோட்டைத் தொடாமல் ஒரு தலைமுடி உயரத்தில் ஓடுகிற மாதிரி.

இன்னும் வேடிக்கை, சாதாரணக் காற்றில் ஒரு மூலக்கூறு இன்னொன்றில் முட்டுவதற்குமுன் சுமார் 70 நானோமீட்டர் ஓடும். இங்கே இடைவெளியே அதைவிடக் குறைவு! மூலக்கூறுகள் ஒன்றோடொன்று முட்டுவதைவிட மேலும் கீழும் சுவரில் முட்டுவதே அதிகம். அதனால் வழக்கமான காற்றோட்டக் கணக்கு அப்படியே பொருந்தாது, அதைத் திருத்தித்தான் இந்த ஹெட்டை வடிவமைக்கிறார்கள்.

ஆக, காற்று குறைந்தால் ஹெட் தாழும், தட்டில் உரசவும் கூடும் என்பது நிஜம். பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு உயர வரம்பு 3,048 மீட்டர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர்தான். காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு, அதைத் தாங்கும். லடாக்கில் லே நகரம் என்றால் சுற்றும் தட்டே இல்லாத எஸ்எஸ்டியை நானே வாங்கச் சொல்லியிருப்பேன்.

மலை ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புகிறதே, டிஸ்க் ஏன் உப்பவில்லை? அதில் வடிகட்டியோடு ஒரு மூச்சுத்துளை உண்டு, மூடாதே என்று பக்கத்திலேயே அச்சடித்திருப்பார்கள். ஓர் ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமத்தைச் சரியாக அந்தத் துளையின் மேலேயே வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். கும்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, பொட்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

"எல்லாம் கிளவுடில் போட்டாச்சு, டிஸ்க் எதற்கு" என்பவர்களுக்கு: கிளவுட் என்பதும் எங்கோ ஒரு கட்டடத்தில் வரிசை வரிசையாகச் சுற்றும் டிஸ்க்குகள்தான். ஒன்று செத்தாலும் கோப்பு போகாதபடி பல டிஸ்க்குகளில் பிரித்து வைக்கிறார்கள், அவ்வளவே வித்தியாசம். அங்கே 2013க்கு அப்புறம் ஹீலியம் அடைத்து இறுக மூடிய டிஸ்க்குகளும் வந்துவிட்டன. காற்றைவிட ஏழு மடங்கு அடர்த்தி குறைவு, தட்டுக்கு உராய்வும் நடுக்கமும் குறைவு. அவற்றுக்கு மூச்சுத்துளையே கிடையாது.

சரி, உங்கள் டிஸ்க்குக்கு வருவோம். பஸ்ஸில் லேப்டாப்பில் செருகிப் படம் பார்த்துக்கொண்டே போகாதீர்கள். அணைத்துவிட்டால் ஹெட் தட்டை விட்டு வெளியே ஒரு சரிவில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், 20 கொண்டை ஊசி வளைவும் அதற்கு ஒரு பொருட்டில்லை. ஸ்டுடியோக்காரர் தன்னிடம் உள்ளதை அழிப்பதற்குள் இன்னொரு காப்பி மட்டும் வாங்கிவிடுங்கள்.