வெளியே வறட்சி, உள்ளே ஈரம்

முதன்முதலாக வீட்டில் கரி மூட்டிக் கோழி சுட்ட நாளில், தொடைத் துண்டு ஒன்று பார்க்கப் பிரமாதமாக இருந்தது. கருஞ்சிவப்பு, ஓரங்களில் லேசான கரிப்பு, நல்ல வாசனை. கடித்தால் எலும்பை ஒட்டிப் பச்சை மாமிசம். திரும்பத் தணலில் போட்டேன். எலும்போரம் வெந்து முடிப்பதற்குள் மேற்பகுதி அடுப்புக்கரியோடு போட்டி போட்டது. குறை என் பொறுமையில்தான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். பாதிப் பழி தண்ணீருக்குப் போக வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது.

பச்சைக் கோழிக்கறியின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். நல்ல சுட்ட கோழிக்கு இந்த நீர் மேற்பரப்பை விட்டுப் போக வேண்டும், உள்ளே மட்டும் தங்க வேண்டும். சுடுவதில் உள்ள சிக்கல் எல்லாம் இந்த இரட்டைக் கோரிக்கையிலிருந்துதான் வருகிறது.

முதலில் மேற்பரப்பு. ஊறவைத்த துண்டைச் சொட்டச் சொட்ட எடுத்துக் கம்பிமேல் வைத்ததும் 'ஸ்ஸ்' என்று சத்தம் வருகிறதே, அது நீர் கொதித்து ஆவியாகும் சத்தம். ஈரம் இருக்கும்வரை அந்த இடத்தின் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். கீழே தணல் எவ்வளவு கனன்றாலும் சரி. ஒரு கிராம் நீரை உறைநிலையிலிருந்து கொதிநிலைவரை சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல், கொதிக்கும் அதே நீரை ஆவியாக்கத் தேவை. அவ்வளவையும் தண்ணீரே விழுங்கிவிடுகிறது.

நமக்குப் பிடித்த நிறமும் மணமும் 140 டிகிரிக்கு மேல்தான் வேகமாக உருவாகின்றன. புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சூட்டில் சேர்ந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களைப் பிறப்பிக்கும் இந்த வினையை 1912-இல் விவரித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையார். ஈரத் துண்டு 100-இல் தேங்கி நிற்கும்போது நடப்பது சுடுவது அல்ல, அவிப்பது. ஆகவே அடுப்பில் ஏற்றுமுன் துண்டைத் துணியாலோ தாளாலோ ஒற்றி எடுப்பது மசாலாவில் இன்னொரு பொருளைச் சேர்ப்பதைவிடப் பயன் தரும். தேன், சர்க்கரை கலந்த பூச்சு எளிதில் கருகிக் கசக்கும். அதைக் கடைசிச் சில நிமிடங்களுக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

இனி உள்ளே. 50 டிகிரியை நெருங்கும்போது மயோசின் என்ற தசைப் புரதம் உறையத் தொடங்குகிறது. கண்ணாடி போலிருந்த கறி வெளுக்கிறது. 60-ஐத் தாண்டியதும் தசை இழைகளைச் சுற்றியுள்ள, கொலாஜன் என்ற இணைப்புப் புரதத்தாலான உறை சுருங்கி, ஈரத் துணியைப் பிழிவதுபோல் நீரைப் பிழிகிறது. அதற்கும் மேலே ஆக்டின் என்ற இன்னொரு புரதமும் குலைந்தால் கறி சக்கைதான். ஆனால் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் உறுதியாக ஒழிய, துண்டின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும். நெஞ்சுக்கறிக்கு அதுவே போதும், ஐந்தாறு டிகிரி கூடினாலே வறண்டுவிடும். தொடையின் கதை வேறு. ஓடியாடிய தசை என்பதால் கொலாஜன் அதிகம். அது கரைந்து வழுவழுப்பான ஜெலட்டினாக மாற 80-ஐத் தாண்டுவது நல்லது. நெஞ்சையும் தொடையையும் ஒரே நேரத்தில் ஏற்றி ஒரே நேரத்தில் இறக்குபவர் இரண்டில் ஒன்றைக் கெடுக்கிறார்.

தணலின் வெப்பம் பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர்களாக வந்து தோலில் மோதுகிறது. அங்கிருந்து நடுப்பகுதிக்குக் கறி வழியாகவே ஊர்ந்து போக வேண்டும். அந்தப் பயணம் மெதுவானது. தடிமன் இரட்டித்தால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். என் முதல் துண்டு தோற்றது இங்கேதான். கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கத்தில் துண்டுகளை மூடி போட்டு நிதானமாக வேகவிட்டு, முடிவில் மட்டும் தணலுக்கு நேர்மேலே நகர்த்தினால் இது பெரிதும் தீரும். அதற்குள் தோலும் ஓரளவு காய்ந்திருக்கும், ஓரிரு நிமிடங்களில் நிறம் பிடிக்கும். கொழுப்பு தணலில் சொட்டித் தீப்பிழம்பு எழுந்தால் துண்டைத் தள்ளி வைக்கவும். அந்தப் புகைக்கரியில் உடலுக்கு ஆகாத சேர்மங்கள் உண்டு.

ஊறவைப்பதில் உப்பு மட்டுமே ஆழமாக உள்ளே போகிறது. அது தசைப் புரதங்களைத் தளர்த்தி நீரைப் பிடித்து வைக்கிறது. மிளகாயும் இஞ்சியும் பூண்டும் ஒரு சில மில்லிமீட்டரோடு நின்றுவிடுகின்றன. இரவெல்லாம் எலுமிச்சைச் சாற்றில் கிடந்தால் மசாலா ஆழமாக இறங்காது, மேற்பரப்புதான் குழையும்.

வெந்துவிட்டதா என்பதை நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இளங்கோழியின் எலும்பு மச்சையிலிருந்து கசியும் நிறமி, முழுக்க வெந்த பிறகும் சிவப்பாகத் தெரியலாம். வெப்பமானியின் முனையை எலும்பில் படாமல் தடித்த இடத்தில் செருகிப் பார்ப்பதே வழி. இறக்கிய துண்டுகளைப் பச்சைக்கறி இருந்த தட்டில் வைக்காதீர்கள். இறுக மூடியும் வைக்காதீர்கள்: உள்ளிருந்து எழும் ஆவி மூடியில் பட்டு நீராகிச் சொட்டும், அவ்வளவு பாடுபட்டு மொறுமொறுப்பாக்கிய தோல் ஐந்தே நிமிடத்தில் தொளதொளத்துவிடும்.